ஐந்தாம் படியில் ஒரு போர்க்கைதி

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வாருங்கள், காற்றாவது வரும். வீட்டம்மாவை உள்ளே அனுப்பிவிட்டீர்கள் அல்லவா, இனி உங்களுக்கு அவசரமே கிடையாது. இப்போதுதான் ஒரு பாட்டு முடிந்திருக்கிறது. இன்னொன்று பாடுங்கள் என்பார்கள், பாடின அம்மாள் தொண்டை சரியில்லை என்பார், அப்புறம் மூன்று பாட்டு பாடுவார். கொலுவுக்கு மனைவியைக் கூட்டி வருகிற புருஷர்களுக்கு இந்த மூலைதான். நானும் நாலைந்து நாளாகப் பார்க்கிறேன். வருகிறார்கள், போனை நோண்டுகிறார்கள், சுண்டலைத் தின்கிறார்கள், போகிறார்கள். ஒருத்தராவது பொம்மையைப் பார்ப்பதில்லை.

நீங்கள் பார்க்கிறீர்கள். அதனால்தான் பேசுகிறேன்.

மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். உச்சியில் கலசம். அப்புறம் தசாவதாரம். ஐந்தாம் படிக்கு வாருங்கள். கல்யாண செட் தெரிகிறதா? நாதஸ்வரக்காரர், தவில்காரர், சீர்வரிசைத் தட்டு ஏந்திய பெண்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு யானை. அது இல்லை, அது கஜலட்சுமியோடு வந்தது. அதற்குப் பக்கத்தில், நாலு விரல் உயரத்தில், கறுப்பாக. பெருச்சாளி இல்லை சார், யானைதான். அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பூச்சரத்தைச் சுற்றிச் சுற்றி மூக்குவரை மூடியிருக்கிறது. மாப்பிள்ளை என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நேற்று ஒரு அம்மாள் மாப்பிள்ளை என்ன லட்சணம் என்று கன்னத்தில் விரலை நெரித்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை இல்லை சார். சோழ இளவரசர். என் சேனாதிபதி. இந்த வீட்டில் கைதியாக இருக்கிறார்.

எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். எனக்கு ஒன்றும் இல்லை, தெளிவாகத்தான் இருக்கிறேன். முதலிலிருந்து சொன்னால் உங்களுக்கே புரியும். உங்களிடம் ஒரு தீர்ப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. வெளியாள் சொன்னால்தான் இங்கே எடுபடும்.

என் பெயர் ஏகாம்பரம். ஐஸ் கம்பெனியில் ராத்திரி டூட்டி. மீன் மார்க்கெட்டுக்குப் போகிற ஐஸ் எல்லாம் நாங்கள் உறைய வைப்பது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், நான் ஒருத்தன், கையில் ஒரு புத்தகம். பகலிலும் சரியாகத் தூக்கம் வராது. இப்படிப்பட்ட ஒருத்தன் சரித்திரம் படிக்காமல் வேறு என்னதான் செய்வான்?

தக்கோலம் இங்கேயிருந்து எவ்வளவு தூரம்? பஸ்ஸில் உட்கார்ந்து சரியாகச் சாய்வதற்குள் இறங்கச் சொல்லிவிடுவான். அங்கே ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் ஒரு பெரிய சண்டை நடந்தது சார். வடக்கேயிருந்து ராஷ்டிரகூட ராஜா படையோடு வந்தான். கங்க நாட்டு வில்லாளிகள் அவனுக்குத் துணை. இந்தப் பக்கம் சோழ இளவரசர் ராஜாதித்தர், யானைமேல். கங்க நாட்டான் விட்ட அம்பு அவரைத் தைத்தது. யானைமேலேயே உயிர் போயிற்று. அதோடு சோழப் படை சிதறிவிட்டது. அப்புறம் அவருக்குப் பெயரே யானைமேல் துஞ்சிய தேவர் என்று ஆகிவிட்டது. நம் ஊர்ப் பக்கத்தில் நம் ஆள் தோற்றிருக்கிறார், கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அதைத்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை திரும்ப நடத்திப் பார்க்கிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் சோழன். இந்த வீட்டுக்காரன் தணிகாசலம், ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவன், இந்த வருஷம்தான் ஓய்வு பெற்றான், அவன் ராஷ்டிரகூடன். மூன்றாவது பெஞ்சமின் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அவரிடம் விசில் இருந்ததால் அவரை நடுவராக வைத்துவிட்டோம். அவர் ஊதினால் இரண்டு படையும் நிற்க வேண்டும். எதிர்வீட்டு நாயும் நிற்கும்.

படை வந்த கதையைக் கேளுங்கள். மாஸ்டரின் மச்சான் வெளிநாட்டில் இருக்கிறார். பழைய கால வீரர்கள் வேண்டும் என்று எழுதிக் கேட்டோம், சுண்டுவிரல் உயரத்தில் ஈய பொம்மைகளாக இரண்டு பெட்டி அனுப்பினார். திறந்தால் ஒரு பெட்டி முழுக்க ரோமாபுரிக்காரர்கள். இன்னொரு பெட்டியில் துப்பாக்கியும் உயரத் தொப்பியுமாக பிரெஞ்சுக்காரர்கள். என்ன செய்வது, வந்தவர்களைத் திருப்பி அனுப்பவா முடியும்? எம்-சீல் வாங்கி ரோமாபுரிக்காரன் தலையில் கொண்டை வைத்தேன், கச்சை கட்டினேன், மீசை வரைந்தேன். இடுப்புக்கு மேலே பார்த்தால் சோழன், முட்டியைப் பார்த்தால்தான் ரோமன். பிரெஞ்சுக்காரன் துப்பாக்கியைத் தணிகாசலம் வெட்டி எடுத்துவிட்டு வில்லை ஒட்டினான். தொப்பியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ராஷ்டிரகூடர்கள் அப்படித்தான் தொப்பி போட்டிருப்பார்கள் என்று மாஸ்டர் விசில் ஊதி முடிவு செய்துவிட்டார்.

யானை மட்டும் முழுக்க முழுக்க என் கை. துதிக்கை ஒன்றுக்கே பல தடவை பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். மலைகளும் நான் செய்ததுதான், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். இட்லித் தட்டில் ஊற்றி வார்த்தால் நல்ல உருண்டையான மலை கிடைக்கும், ஒரே ஈட்டில் ஒரு மலைத்தொடரே வந்துவிடும். அதற்காக என் வீட்டுக்காரி மதுராந்தகத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இட்லித் தட்டு ஒரு காரணமா சார்? வருவாள். கோபம் ஆறினால் வரப் போகிறாள். கொஞ்சம் வருஷம் ஆகிறது, அவ்வளவுதான்.

ஆட்டம் எப்படி என்றால், சாப்பாட்டு மேஜைமேல் பச்சைக் கம்பளி விரிப்போம். மலைகளை வைப்போம். ஏரிக்கு ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி. இன்ச் டேப் வைத்து அளந்துதான் படையை நகர்த்த வேண்டும். காலாள் இவ்வளவு, குதிரை இவ்வளவு, யானை இவ்வளவு என்று கணக்கு உண்டு. கிட்டத்தில் போனால் பகடை உருட்டிச் சண்டை. சேனாதிபதிமேல் அம்பு விட்டால் தூரத்திலிருந்து பட வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். ஒரு சாண் தூரத்துக்குள் போய்விட்டால் மட்டும் கொஞ்சம் ஆபத்து. சேனாதிபதி விழுந்தால் ஆட்டம் முடிந்தது, சரித்திரத்தில் முடிந்த மாதிரியே.

இது எல்லா இடத்திலும் இருக்கிற விதி. எங்களுக்கென்று ஒரு விதி உண்டு, அதைக் கேளுங்கள். தோற்றவனுடைய சேனாதிபதி ஜெயித்தவன் வீட்டில் கைதி. அடுத்த ஆட்டம்வரை அங்கேயேதான் இருப்பார். மரியாதையாக வைத்துக்கொள்ள வேண்டும், தூசி படியக் கூடாது. அடுத்த ஆட்டத்துக்கு அவரைப் பிடித்து வைத்திருக்கிறவனே தன் கையால் கொண்டுவந்து உரியவன் கையில் தர வேண்டும். வேறு யார் கையிலும் கொடுத்து அனுப்பக் கூடாது. ஒருமுறை இவன் பால்காரரிடம் கொடுத்து அனுப்பினான். அன்றைக்கு நான் ஆடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

என் சேனாதிபதி பெரும்பாலும் இந்த வீட்டு ஷோகேசில்தான் இருப்பார். பெரும்பாலும் என்றால், எப்போதும்.

என் மேல் தப்பு என்று சொல்லாதீர்கள். மேஜைக்கு மேலே ஓடுகிற ஃபேன் காற்று இவன் பக்கத்திலிருந்து என் பக்கம் அடிக்கிறது. அந்த டேப் தையல்காரரிடமிருந்து வந்தது, இழுத்து இழுத்து நடுவில் நீண்டுபோய்விட்டது. பகடையும் இவனுடைய பேத்தி லூடோவிலிருந்து எடுத்தது, வீட்டு ஆளுக்குத்தானே அது சாதகமாக விழும்? இத்தனையும் ஒன்று சேர்ந்தால் மனிதன் என்ன செய்ய முடியும்? எடுத்த எடுப்பிலேயே யானையைக் கிளப்பிக்கொண்டு இரண்டு மலைக்கும் நடுவில் பாய்ந்து போவேன், எதிரி வில்லை எடுப்பதற்குள் நசுக்கிவிடலாம் என்று. ஒவ்வொரு தடவையும் சொல்லி வைத்த மாதிரி அம்பு பட்டுவிடும். ஒவ்வொரு தடவையும். துரதிர்ஷ்டம் என்றால் அப்படி ஒரு துரதிர்ஷ்டம்.

இவன் மனைவி சுலோச்சனா, என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும், நல்ல மாதிரி. ஒரு நாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டது, யானையைப் பின்னாலேயே நிறுத்திவைத்துக்கொண்டால் என்ன அண்ணா என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜா பின்னால் நிற்கிறதா? படை என்ன நினைக்கும்? பெண்பிள்ளைகளுக்குப் போர் புரிவதில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு. நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறேன், தணிகாசலம் மறுமுனையைப் பிடித்திருக்கிறான். குனிந்தபடியே சொல்கிறான்: "வீட்டைக் காலி பண்றோம் ஏகாம்பரம். பொண்ணு ஓசூர் வந்துடச் சொல்றா. கொலு முடிஞ்சதும் கிளம்பறோம்."

நான், "டேப்பை நேரா பிடி" என்றேன்.

கோணலாகத்தான் பிடித்திருந்தான் சார். வேண்டுமானால் பெஞ்சமின் மாஸ்டரைக் கேளுங்கள். அவர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு டீ வருவதற்குள் தோற்றுவிட்டேன். வழக்கமாக டீ வந்த பிறகுதான் தோற்பேன்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். போகிறவன் போகட்டும், எனக்கென்ன? எனக்கு வேலை தலைக்கு மேலே கிடக்கிறது. ஆனால் இவன் அத்தனை ஜெயத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டால், என் ராஜாவின் கதி? தோற்றது தோற்றதாகவே நின்றுவிடும் அல்லவா? ஒரே ஒருமுறை ஜெயித்துவிட வேண்டும். அப்புறம் இவன் ஓசூர் போகட்டும், டில்லி போகட்டும். அவனுக்கு வீடு காலி செய்கிற அலைச்சல், நடுவில் ஆட்டமே இல்லை. அதனால் கடைசியாக ஒரு ஆட்டம் என்று பேசி வைத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை.

காலையிலேயே படையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன். வந்தால், ஷோகேஸ் காலி. ஹாலில் ஏழு படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, கொலு வைத்திருக்கிறது. ஐந்தாம் படியில் என் ராஜா கல்யாண ஊர்வலம் போகிறார்.

கூர்ந்து பாருங்கள் சார், அவருக்குப் பின்னால் ஒருத்தன் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் கங்க நாட்டு வில்லாளி. தணிகாசலத்தின் ஆள். கையில் இருந்த வில்லை எடுத்துவிட்டுச் சுலோச்சனா காகிதக் குடையைச் சொருகியிருக்கிறது. எவன் அம்பு விட்டு அவரைக் கொன்றானோ அவனே அவருக்குக் குடை பிடிக்கிறான். அடுத்த பக்கம் பெண் வீட்டார் என்று, ஆட்டத்தில் சேராமல் உதிரியாகக் கிடந்த தொப்பிபோட்ட ராஷ்டிரகூடர்கள் வரிசையாக. பெண் யார் தெரியுமா? அதோ, தலையாட்டிப் பொம்மை. ராஜா அவள் கால் கொலுசு உயரம்கூட இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இது என்ன தங்கச்சி என்றேன். அது சாவதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறது, கல்யாண செட்டில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு யானை இல்லாமல் வருஷா வருஷம் குறையாக இருந்தது, இந்த வருஷம் உங்கள் புண்ணியத்தில் நிறைந்துவிட்டது என்று. இவர்கள் எல்லாம் பகையாளிகள் என்றேன். "பகையாளிங்கதானே அண்ணா சம்பந்தம் பண்ணிக்கிறாங்க" என்கிறது. சரித்திரத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது, அது வேறு விஷயம்.

சரி, ஆட்டம் முடிகிறவரைக்கும் எடுத்துக் கொடு, மறுபடி வைத்துவிடுகிறேன் என்றேன். முகம் மாறிவிட்டது. படியில் ஏற்றிய பொம்மையை விஜயதசமி முடியாமல் இறக்குகிற வழக்கம் இல்லை, இந்த வீட்டில் இதுதான் கடைசிக் கொலு, இதில் ஒரு குறை வர விடமாட்டேன் என்றது. தணிகாசலம் என் காதோடு, பார்சல் ஆபீசில் முப்பது வருஷம் மேலதிகாரிகளை எதிர்த்துப் பேசியிருக்கிறேன், இதை மட்டும் என்னால் பேச முடியாது என்றான்.

யானைக்குப் பதிலாக ஒன்று வைத்துக்கொள் என்றார்கள். மிளகுத்தூள் டப்பா கொடுத்தார்கள். மூன்றாம் படியில் கிரிக்கெட் செட் இருக்கிறதே, அதில் படியில் ஏற்றாமல் ஒரு அம்பயர் மிச்சமிருந்தார், அவரை எடுத்து நீட்டினார்கள். என் ராஜாவை மிளகு டப்பாவாக நினைத்துக்கொண்டு நான் சண்டை போடுவதா? பெட்டியை மூடிவிட்டேன். கிளம்புகிறேன் என்றேன். கிளம்பியிருப்பேன், செருப்பைக்கூடத் தேடினேன்.

அப்போதுதான் பெஞ்சமின் மாஸ்டர் விசில் ஊதினார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. தீர்ப்பு என்னவென்றால், ராஜா ஹாலில்தான் இருக்கிறார், மேஜையும் ஹாலில்தான் இருக்கிறது. படியிலிருந்து பார்த்தால் போர்க்களம் தெரிகிறது. பார்க்கிற ராஜா உத்தரவு கொடுக்கலாம். ஆனால் நகரக் கூடாது. அவர்மேல் அம்பும் விடக் கூடாது, ஏனென்றால் அங்கே விளக்கு எரிகிறது. நான் இன்னொன்று கேட்டேன், கண்ணைப் பூ மறைக்கிறதே, எப்படிப் பார்ப்பார்? நியாயம் என்று மாஸ்டர் சொல்ல, சுலோச்சனா வந்து கையை அலம்பிக்கொண்டு பூவைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் மறுபடி ஏற்றிவிட்டது, அதுதான் இப்போது நீங்கள் பார்ப்பது.

ஆட ஆரம்பித்தோம். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு எதை நகர்த்துவது என்றே தெரியவில்லை. நான் முதலில் யானையை நகர்த்துவேன். அப்புறம் ராஜா விழுந்துவிடுவார். அப்புறம் ஆட்டம் முடிந்துவிடும். மீதிப் படையை நான் நகர்த்தியதே இல்லை சார். அவர்கள் பாட்டுக்கு மலைமேல் நின்றுகொண்டிருப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் அப்படியே எடுத்துப் பெட்டியில் போடுவேன். அவர்களுக்கு வண்ணம்கூட உதிரவில்லை.

என் முறை வந்தது. நிற்கிறேன் என்றேன். தணிகாசலம் வழக்கம்போல வில்லாளிகளை இரண்டு மலை இடுக்கிலும் கொண்டுவந்து நிறுத்தினான், யானைக்காக. யானை எங்கே வருகிறது? மறுபடி என் முறை. நிற்கிறேன். அவன் டேப்பை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறான். மறுபடி நிற்கிறேன். அவனுக்குப் பொறுக்கவில்லை, வாயேன்யா என்கிறான். எதைக் கொண்டு வருவது? என் ராஜா தலையாட்டிப் பொம்மைக்குத் தாலி கட்டப் போய்க்கொண்டிருக்கிறார்.

காத்துக் காத்துப் பார்த்துவிட்டு அவனே வில்லாளிகளைச் சமவெளிக்கு இறக்கிவிட்டான். வெட்டவெளியில் வில்லை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? என் ஈட்டிக்காரர்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். நான் இறக்கவில்லை, அவர்களே இறங்கின மாதிரிதான் இருந்தது. பகடை உருளுகிறது, ஆறு. மறுபடி உருட்டுகிறேன், ஆறு. அந்த லூடோ பகடைக்கு அன்றைக்கு என்னமோ ஆகிவிட்டது. அவன் ராஜா பின்வாங்கிப் பின்வாங்கி ஏரிக்கு வந்துவிட்டார். ஏரிக்குள் கால் வைத்தால் குதிரை நகராது. கண்ணாடிமேல் ராஜாவும் ராஜாவின் நிழலுமாக நிற்கிறார், சுற்றிலும் என் ஆட்கள். கடைசிப் பகடையை உருட்டினேன்.

ஜெயித்துவிட்டேன் சார்.

மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நிற்கிறார். தக்கோலத்தில் சோழர்கள் ஜெயித்துவிட்டார்கள், ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு. வெளியே தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போகிறது. தணிகாசலம் அவன் ராஜாவைத் தூக்கி, வேட்டி நுனியால் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தான். "இந்தாய்யா, உன் கைதி. உன் யானையும் உன்னுதுதான், கொலு எடுத்ததும் தூக்கிட்டுப் போ. கணக்கு தீர்ந்துச்சு" என்றான்.

அந்த வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை. தீர்ந்துச்சாம்.

அவன் ராஜாவை மேஜைமேல் திருப்பி வைத்தேன். செல்லாது என்றேன்.

ஏன் செல்லாது? கேளுங்கள். ஒன்று, ராஜா களத்தில் இல்லாத சண்டை தக்கோலச் சண்டையே ஆகாது, அது யாரோ இரண்டு பேர் ஏரிக்கரையில் போட்ட தகராறு. இரண்டு, ஊர்வலத்தில் நிற்கிற ராஜா உத்தரவு கொடுத்தார் என்பதற்கு என்ன சாட்சி? நாதஸ்வர சத்தத்தில் யாருக்குக் கேட்டது? அப்புறம் வில்லாளி ஒருத்தன் குறைவு, அவன் குடை பிடிக்கப் போய்விட்டான். அவன் இருந்திருந்தால் அவனுடைய அம்பு பட்டிருக்காதா? எல்லாவற்றுக்கும் மேலே, தணிகாசலம் மனசே அன்றைக்கு ஆட்டத்தில் இல்லை. அட்டைப்பெட்டி கட்டுகிற நினைப்பிலேயே ஆடினான். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தானோ என்னவோ. இல்லை என்று இந்தக் கொலுமேல் சத்தியம் செய்கிறான். சத்தியம் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

மாஸ்டர் செல்லும் என்கிறார். சுலோச்சனா அந்தப் பக்கம் கை அலம்பிக்கொண்டே, நான் அன்றைக்கே சொன்னேனே அண்ணா, யானை பின்னால் நின்றால் ஜெயிக்கலாம் என்று, என்கிறது. யானை பின்னால் நின்றதற்கும் ஜெயித்ததற்கும் என்ன சம்பந்தம்? இப்படித்தான் எதையாவது எதோடாவது முடிச்சுப் போட்டுவிடுவார்கள்.

தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அவனுக்குச் சுலபமாகக் கோபம் வராது. பார்சல் தொலைந்துபோய் ஜனங்கள் வந்து கத்தும்போதுகூட உட்காருங்க, டீ சாப்பிடறீங்களா என்பான். அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "இத்தினி வருஷமா தோத்தே, ஒரு தபா செல்லாதுன்னு சொல்லல. ஜெயிச்ச அன்னிக்குச் செல்லாதுங்கறே. உனக்கு இன்னாதான்யா வேணும்?"

எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்போது காலை பதினொரு மணி. வாயில் அதுதான் வந்தது.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறேன். வேறு ஒன்றுக்கும் இல்லை, யானையைப் பார்த்துக்கொள்ளத்தான். வருகிறவர்கள் கை பட்டு விழுந்துவிட்டால்? அவன் உள்ளே பெட்டி கட்டுவான், நான் இங்கே உட்கார்ந்திருப்பேன். பேசிக்கொள்வதில்லை. சுலோச்சனா இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சுண்டல் கொண்டுவந்து கொடுக்கும். நேற்று மொச்சை. இன்றைக்குக் காராமணி, கொஞ்சம் காரம் தூக்கல், பார்த்துச் சாப்பிடுங்கள்.

இன்று விஜயதசமி. ராத்திரி ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது. நாளைக்கு எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள். நாளை மறுநாள் லாரி வருகிறது. அதனால்தான் சார் எனக்கு இந்தத் தீர்ப்பு இன்றைக்கே தெரிய வேண்டும்.

நீங்கள் சொல்லுங்கள். என் ஜெயம் செல்லுமா, செல்லாதா?

ஜெயம் ஜெயம்தான் என்கிறீர்களா.

வாழ்த்துக்கள் வேறா. சரி. நன்றி சார்.

இல்லை, உங்கள்மேல் தப்பில்லை, நான்தான் சரியாகச் சொல்லவில்லை. இன்னொருமுறை கேளுங்கள், இது விதியைப் பற்றிய விஷயம், வேறு ஒன்றும் இல்லை. செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யானையை நான் எடுத்துக்கொண்டு போவேன். அவன் ராஜாவையும் எடுத்துக்கொண்டு போவேன். அவன் கையில் கைதி கிடையாது, அவன் எதையும் யாருக்கும் கொண்டுவந்து தர வேண்டியதில்லை. லாரி ஏறிப் போய்விடலாம். நான் என் வீட்டு அலமாரியில் இரண்டு ராஜாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். புரிகிறதா?

செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆவணியில் தோற்றதுதான் கடைசி ஆட்டம். என் யானை அவனிடம்தான் கைதி. கைதி என்றால் பிடித்தவன் போகிற இடத்துக்குக் கைதியும் போக வேண்டும். ஓசூர் என்றால் ஓசூர். அடுத்த ஆட்டத்துக்கு அவனே தன் கையால் கொண்டுவர வேண்டும், கொடுத்து அனுப்ப முடியாது. விதி அப்படி இருக்கிறது சார், நான் என்ன செய்ய? மாஸ்டரைக் கேட்டால் அவரும் சொல்வார்.

அதோ வருகிறான் பாருங்கள், கையில் சணல் கயிற்றோடு. தணிகாசலம் அவன்தான். நான் பேசுவதை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். உங்களைப் பார்த்து, இவன் உங்களையும் பிடிச்சுட்டானா சார் என்று கேட்கிறான், கேட்டீர்களா? இந்தக் கிண்டலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

என்ன சார் சொன்னீர்கள்?

கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், அவன் காதில் விழட்டும்.

செல்லாது. கேட்டியா தணிகாசலம்? செல்லாதாம். சார் வெளியாள். உனக்கும் வேண்டியவர் இல்லை, எனக்கும் வேண்டியவர் இல்லை. தீர்ப்பு சொல்லிட்டார்.

என்ன நிற்கிறான் பாருங்கள் சார், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு. எதையாவது சொல்லேன்யா. யானையைப் பார்க்கிறான். என்னைப் பார்க்கிறான். என்ன சொல்கிறான், சரியாகக் கேட்கவில்லை எனக்கு, உள்ளே பாடுகிறார்களே... தை கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வர வேண்டுமாம், சுலோச்சனா வேண்டிக்கொண்டிருக்கிறதாம். அப்போது இங்கே இறங்கிவிட்டுப் போகிறானாம்.

நீ வந்தா வா, வராட்டி போ. உன்னை யாரும் வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடல. யானை வந்தாகணும்.

சிரிக்கிறான் பாருங்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? உங்களுக்குமா சிரிப்பு வருகிறது சார்?

உங்கள் வீட்டம்மா வெளியே வந்துவிட்டார், கிளம்புங்கள், நேரமாகிறது. ஒரு நிமிஷம், உள்ளே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அப்புறம் கூட்டத்தில் மறந்துபோகும். தங்கச்சி, நாளைக்கு யானையைக் கட்டறப்ப மத்த பொம்மைங்களோட சேத்துப் போட்டுடாதேம்மா. தனியா, பழைய துணியா பாத்து ரெண்டு சுத்து சுத்து. துதிக்கைதான் பத்திரம். ஓசூர் வரைக்கும் லாரி குலுங்கும்.